பணம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

2008 அக்டோபரில், ஒரே வாரத்துக்குள் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சரிந்தன. அவற்றில் இரண்டு, பிரிட்டனில் இணையம் வழியாகச் சேமிப்புக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவை. லேண்ட்ஸ்பாங்கி நடத்திய கணக்குக்கு ஐஸ்சேவ் என்று பெயர். காப்திங் நடத்தியது காப்திங் எட்ஜ். இரண்டிலும் வட்டி கவர்ச்சியாக இருந்தது. இரண்டும் ஐஸ்லாந்துப் பெயர்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் போட்டவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

எட்ஜ் கணக்கை நடத்தியது பிரிட்டனிலேயே பதிவான துணை நிறுவனம். அதனால் வங்கி விழுந்தால் போட்ட பணத்தை ஒரு வரம்பு வரை திருப்பித் தரும் பிரிட்டனின் வைப்புக் காப்பீடு அதற்கு நேரடியாகப் பொருந்தியது. வங்கி விழுந்த நாளிலேயே அந்தக் கணக்குகளை ஐஎன்ஜி டைரக்ட் என்ற இன்னொரு வங்கிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஐஸ்சேவ் அப்படியில்லை. அது பிரிட்டனில் தனி நிறுவனமாகப் பதிவாகாத, லேண்ட்ஸ்பாங்கியின் வெறும் கிளை. முதல் பொறுப்பு ஐஸ்லாந்தின் உத்தரவாத நிதிக்கு. அந்த நிதியில் அவ்வளவு பணம் இல்லை. பிரிட்டன், நெதர்லாந்து இரு நாடுகளிலும் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கணக்குகள் முடங்கின. கடைசியில் அந்தந்த நாட்டு அரசுகள் தலையிட்டுப் பணம் கொடுத்தன. அதைத் திருப்பித் தரச் சொல்லி ஐஸ்லாந்திடம் கேட்டபோது, அந்நாட்டு மக்கள் 2010லும் 2011லும் வாக்கெடுப்பு நடத்தி முடியாது என்றார்கள். வழக்கு போய், 2013 ஜனவரியில் ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் நீதிமன்றம் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

பிரிட்டன் அரசு அன்று முழுத் தொகையையும் கொடுத்தது, அரசியல் முடிவாக. அவ்வளவையும் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

சேமிப்புக் கணக்கு எங்கே தொடங்கலாம் என்று உறவினர்களோ நண்பர்களோ என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அல்லது செயலி அழகாக இருக்கிறது என்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். இந்த நிறுவனம் நாளைக் காலையில் மூடிவிட்டால், என் பணத்தை எனக்குத் தர வேண்டியது யார், எந்த நாட்டுச் சட்டப்படி, எவ்வளவு வரைக்கும்? இதற்கு விடை தெரியாமல் போடும் பணத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி கொடுத்தாலும் அது போதாது என்பது என் கருத்து.

விடை கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. வங்கியின் இணையதளத்தில் கீழ்க்கோடியில், பொடி எழுத்தில் சட்டப்படியான நிறுவனப் பெயர் இருக்கும். அது விளம்பரத்தில் வரும் பெயராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டு மத்திய வங்கியோ நிதி ஒழுங்குமுறை அமைப்போ வெளியிட்டிருக்கும் பதிவேட்டில் தேட வேண்டும். வங்கியின் தளத்தில் இருக்கும் இணைப்பை அழுத்திப் போகாமல், ஒழுங்குமுறை அமைப்பின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போவது நல்லது. பிரபல வங்கியின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்கள் பதிவேட்டின் நகலையும் போலியாகச் செய்து வைக்கக்கூடியவர்கள்தான். பதிவேட்டில் மூன்று விஷயங்கள் தெரியும்: அது வங்கியா அல்லது வேறு வகை நிறுவனமா, உள்நாட்டு நிறுவனமா வெளிநாட்டுக் கிளையா, வைப்புத்தொகை வாங்க அதற்கு அனுமதி உண்டா.

பெயரை வைத்து நாட்டை முடிவு செய்யக் கூடாது. பாரத ஸ்டேட் வங்கி பிரிட்டனில் நடத்தும் சேமிப்புக் கணக்குகள் 2018 முதல் அங்கேயே பதிவான துணை நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ஐசிஐசிஐ வங்கியும் அங்கே துணை நிறுவனமாகத்தான் இயங்குகிறது. பெயர் இந்தியப் பெயர், உத்தரவாதம் பிரிட்டனுடையது. அதே மாதிரி, வேறு வேறு பெயரில் இருக்கும் இரண்டு வங்கிகள் ஒரே உரிமத்தின் கீழ் இருக்கலாம். பிரிட்டனில் ஹாலிஃபாக்ஸ் என்பது பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஒரு பிரிவு. இரண்டிலும் தனித்தனியாகப் பணத்தைப் பிரித்துப் போட்டவருக்குக் காப்பீட்டு வரம்பு இரண்டு மடங்கு ஆகிவிடாது. உரிமத்துக்கு ஒரு வரம்பு, அவ்வளவுதான்.

அந்த வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2008லிருந்து 2,50,000 டாலர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1,00,000 யூரோ. இந்தியாவில் 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1,00,000 சிங்கப்பூர் டாலர். ஆஸ்திரேலியாவில் 2,50,000 ஆஸ்திரேலிய டாலர். நியூசிலாந்தில் இப்படியொரு திட்டமே 2025 ஜூலையில்தான் தொடங்கியது. பல நாணயங்களில் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் காப்பீடு சிங்கப்பூர் டாலரில் இருக்கும் வைப்புக்கு மட்டும்தான். அதே வங்கியில் அமெரிக்க டாலராக வைத்திருந்தால் அதற்குப் பொருந்தாது. கனடா 2020 முதல் வெளிநாட்டு நாணய வைப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே செயலியின் ஒரே திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும் நான்கு இருப்புகளுக்கு நான்கு விதமான பாதுகாப்பு இருக்கலாம்.

வரம்புக்கு மேல் இருக்கும் பணத்துக்கு என்ன ஆகும் என்பதை 2013ல் சைப்ரஸ் காட்டியது. பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் மிகைத் தொகையில் 47.5 சதவீதத்தை எடுத்து வங்கிப் பங்குகளாக மாற்றிவிட்டார்கள். வரம்புக்குள் இருந்தவர்களின் பணத்தில் கை வைக்கவில்லை. ஆனால் அவர்களும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் ஒரு நாளைக்கு 300 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. காப்பீடு பணத்தைக் காப்பாற்றும். அந்த வாரத்து வாடகையைக் கட்டித் தராது. அதனால் அவசரத் தேவைக்கான தொகையை வேறு வேறு உரிமம் உள்ள இரண்டு வங்கிகளில் வைக்கச் சொல்வேன். தொகை சின்னதாக இருந்தாலும் சரி.

இப்போது செயலிகள். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். கையில் அட்டை, கணக்கு எண், எல்லாமே வங்கி மாதிரியே இருக்கும். ஆனால் பல நாடுகளில் இந்த நிறுவனங்களுக்கு இருப்பது மின்பண உரிமம், அதாவது நம் பணத்தை மின்னணு வடிவில் வைத்துச் செலுத்த உதவும் அனுமதி. வங்கி உரிமம் வேறு. மின்பண நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் நிறுவனம் திவாலானால், ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து பிரித்துக் கொடுக்கும் செலவையும் கழித்துக்கொண்டு, மிச்சம் நம் கைக்கு வரக் காலம் பிடிக்கும். அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்து நிற்காது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனம் மோசடியில் விழுந்தபோது, அதன் பிரிட்டன் துணை நிறுவனத்தை நம்பி இயங்கிய பல செயலிகளின் அட்டைகள் சில நாட்களுக்கு வேலை செய்யவில்லை. தாங்கள் வயர்கார்டின் வாடிக்கையாளர்கள் என்பதே அந்த அட்டைகளை வைத்திருந்த பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் 2024ல் நடந்தது இன்னும் மோசம். சேமிப்புச் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் கணக்குப் பதிவேட்டைப் பராமரித்த சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. பணம் உண்மையான வங்கிகளில்தான் இருந்தது. அந்த வங்கிகளுக்கு அரசுக் காப்பீடும் இருந்தது. செயலிகளின் விளம்பரத்திலும் அதைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆனால் எந்த வங்கியில் யாருடைய பணம் எவ்வளவு என்ற கணக்கு சினாப்ஸிடம்தான் இருந்தது. அந்தக் கணக்கும் வங்கிகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் சேமிப்பைத் தொட முடியாமல் தவித்தார்கள். 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுகிறது என்று நீதிமன்றம் நியமித்த நிர்வாகி அறிக்கை கொடுத்தார். காப்பீடோ, வங்கி விழுந்தால்தான் வரும். இங்கே எந்த வங்கியும் விழவில்லை. வீடு வாங்கவும் பிள்ளைகளின் படிப்புக்கும் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். சூதாடியவர்கள் யாருமில்லை. படிக்கும்போது நெஞ்சு பதறியது.

அதற்காகச் செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பயன்படுத்துகிறேன், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப. அனுப்ப வேண்டிய தொகையை உள்ளே போட்டு, அனுப்பி, இருப்பைக் காலியாக விட்டுவிடுவேன். ஆயுள் சேமிப்பை அங்கே படுக்க வைப்பதில்லை.

பாதுகாப்பு உறுதியான பிறகு கட்டணத்துக்கு வரலாம். சேமிப்புக் கணக்கில் வட்டியை எல்லோரும் கூர்ந்து பார்க்கிறார்கள். கட்டணத்தை வட்டியோடு சேர்த்துக் கழித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 2,000 டாலர் இருப்பு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5 டாலர் பராமரிப்புக் கட்டணம் என்றால் சின்னத் தொகையாகத் தோன்றும். வருடத்துக்கு 60 டாலர், அதாவது இருப்பில் 3 சதவீதம். அந்தக் கணக்கு 2 சதவீதம் வட்டி கொடுத்தால் வருடக் கடைசியில் நம் பணம் 20 டாலர் குறைந்திருக்கும். அதே கட்டணம் 50,000 டாலர் வைத்திருப்பவருக்கு ஒரு பொருட்டே இல்லை. குறைவாகச் சேமிப்பவரைத்தான் இந்த மாதாந்திரக் கட்டணம் கடிக்கிறது. அவருக்குத்தான் சேமிப்பு அதிகம் தேவை என்பதால் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால்தான் அடிப்படைக் கணக்கு என்ற உரிமை எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கே சட்டபூர்வமாக வசிக்கும் எவருக்கும் அடிப்படை வசதிகள் கொண்ட கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவர்களுக்கும் புகலிடம் கோரியவர்களுக்கும்கூட. இந்தியாவில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை வங்கிகள் கொடுத்தாக வேண்டும். கவுன்டரில் இருப்பவர் இதைத் தானாக முன்வந்து சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்.

கட்டண அட்டவணையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் எனக்கு. முதல் பக்கத்தில் இலவசங்கள் இருக்கும். செயல்படாத கணக்குக்கான அபராதம், கணக்கை மூடும் கட்டணம், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான பிடித்தம், நாணய மாற்றுக் கூடுதல், அட்டை தொலைந்தால் புது அட்டைக்கு எவ்வளவு, எல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். ஆரம்பச் சலுகை வட்டி எத்தனை மாதத்தில் முடிகிறது என்பதும் அங்கேதான் எங்காவது ஒளிந்திருக்கும்.

நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது கட்டணம் என்ற வார்த்தைக்கே அர்த்தம் மாறிவிடுகிறது. 1,000 டாலரை யூரோவாக அனுப்புகிறோம், அன்றைய சந்தை விகிதம் ஒரு டாலருக்கு 0.90 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வங்கி, அனுப்பும் கட்டணம் கிடையாது என்கிறது. ஆனால் அது தரும் விகிதம் 0.87. போய்ச் சேர்வது 870 யூரோ. இன்னொரு நிறுவனம் வெளிப்படையாக 6 டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டு மீதி 994 டாலரைச் சந்தை விகிதத்திலேயே மாற்றுகிறது. போய்ச் சேர்வது 894 யூரோ 60 சென்ட். இலவசம் என்று சொன்னவர் 30 யூரோ எடுத்திருக்கிறார். ரசீதில் அது கட்டணமாக எங்கேயும் வராது. அதனால் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, நான் இவ்வளவு கொடுத்தால் அந்தப் பக்கம் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரே நிமிடத்தில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பார்த்தால் ஒப்பீடு சரியாக வராது.

வங்கி வழியாக அனுப்பினால் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பு. பணம் அதன் வழியே பயணம் செய்வதில்லை. இரண்டு வங்கிகளுக்கும் ஒன்றிடம் ஒன்று நேரடிக் கணக்கு இல்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது வங்கி, சில நேரம் நான்காவது வங்கி, நடுவில் வரும். ஒவ்வொன்றும் தன் பங்கை உருவிக்கொள்ளலாம். படிவத்தில் கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் இருக்கும்: முழுக்க அனுப்புபவர், பகிர்ந்துகொள்வது, முழுக்கப் பெறுபவர். பகிர்வு என்று விட்டுவிட்டால் இடைத்தரகு வங்கிகளின் பிடித்தம் வரும் தொகையில் கழியும். பல்கலைக்கழகக் கட்டணம், வீட்டு முன்பணம் மாதிரி ஒரு ரூபாய் குறையாமல் போய்ச் சேர வேண்டிய தொகைக்கு அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

உழைத்துச் சேர்த்த பணத்தை வீட்டுக்கு அனுப்ப இவ்வளவு செலவாவது ஏன் என்று உலக நாடுகளே கேட்டிருக்கின்றன. ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், 2030க்குள் இந்தச் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பதும் ஒன்று. உலக வங்கியின் கணக்குப்படி உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கிறது. வழி இல்லாமல் இல்லை. 2021ல் சிங்கப்பூரின் பேநவ், தாய்லாந்தின் பிராம்ப்ட்பே என்ற உடனடிப் பணம் அனுப்பும் அமைப்புகள் இரண்டும் இணைந்தன. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் பேநவ்வும் இணைந்தன. கைபேசி எண்ணை வைத்தே சில நொடிகளில் நாடு தாண்டிப் பணம் போகிறது. தொகைக்கு வரம்பு உண்டு, எல்லா வங்கிகளும் இதில் இல்லை. உங்கள் இரண்டு நாடுகளுக்கு நடுவில் இப்படி ஒரு பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, உங்கள் சொந்த நாணயத்தில் கழிக்கட்டுமா என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். வசதிபோலத் தெரியும் அந்தக் கேள்விக்குச் சரி சொன்னால், ஏடிஎம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு விகிதம் போட்டுக்கொள்வார்.

நாடு மாறுகிறவர்கள் பழைய நாட்டில் விட்டுவிட்டு வரும் கணக்குகளைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. என் பெரியம்மா மகன் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "அண்ணா, பழைய அக்கவுண்ட்டை அப்படியே விட்டுட்டுப் போகலாமா?" என்று கேட்டான். "அந்த சிம் என்ன ஆகும்னு சொல்லு" என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. ஒருமுறை கடவுச்சொல் வருவது அந்த எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் எண் போய்விடும், பிறகு அதே எண் வேறொருவர் கைக்குப் போகும். அதன் பிறகு உள்ளே நுழையவும் முடியாது. எண்ணை மாற்றலாம் என்றால், கிளைக்கு நேரில் வரச் சொல்வார்கள். கிளையோ இன்னொரு கண்டத்தில். விமானம் ஏறுவதற்கு முன்பே வெளிநாட்டு எண்ணை ஏற்குமா என்று வங்கியில் கேட்டு, ஏற்காவிட்டால் சிம்மை உயிரோடு வைத்திருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மின்னஞ்சல், முகவரி எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

சட்டமும் உண்டு. உதாரணத்துக்கு, இந்தியாவில் வசிப்பவருக்கான சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வேலைக்காக வெளிநாடு போய்க் குடியேறியவர் அப்படியே தொடர முடியாது. வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால் கணக்கு செயல்படாததாகிவிடும். பத்து வருடம் உரிமை கோராமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். திரும்பக் கேட்டு வாங்கலாம். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்கென்றே 2023ல் உத்கம் என்ற தளத்தையும் திறந்தார்கள். ஆனால் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்?

வெளிநாட்டுக் கணக்கு என்றால் வரிக்காரருக்குத் தெரியாது என்ற நினைப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 2017ல் தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கணக்கு விவரங்களைத் தானாகவே ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன. கணக்கு தொடங்கும்போது, வரி நோக்கில் நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்று கேட்கும் படிவம் இதற்காகத்தான். அமெரிக்கக் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக அறிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் கடுமையானது. வட்டி எந்த நாட்டில் வந்தாலும் அதை எங்கே காட்ட வேண்டும் என்று கணக்குத் தொடங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்து ஒரு வங்கியை முடிவு செய்த பிறகும் நான் பெரிய தொகையை உடனே போடுவதில்லை. முதலில் சின்னத் தொகை. அதை உள்ளே அனுப்பி, இரண்டு நாள் விட்டு, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிப் பார்க்கிறேன். பணம் உள்ளே போவது எந்த நிறுவனத்திலும் சுலபம்தான். வெளியே எடுக்கும்போது என்ன ஆவணம் கேட்கிறார்கள், எத்தனை நாள் ஆகிறது, என்ன பிடிக்கிறார்கள், பிரச்சினை என்றால் தொலைபேசியில் மனிதர் யாராவது வருகிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அதோடு வாரிசு நியமனப் படிவத்தையும் அன்றைக்கே நிரப்பிவிடுவது நல்லது. வேறு நாட்டில் இருக்கும் ஒருவரை நியமிக்க முடியுமா, அவர் நேரில் வர வேண்டியிருக்குமா என்பதைக் கணக்குத் தொடங்கும் அதிகாரியிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.